மலைத் தேயிலையும் கடற்கரைச் சிற்றூரும்

வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் அமைந்த ஊர் காட்டுப்பள்ளி. அதற்கு வடக்கே பழவேற்காட்டு ஏரி. தெற்கே எண்ணூர்க் கழிமுகம். கீழ்வானம் வெளுக்கு முன்னரே அப்பகுதியின் மீனவர் சிற்றூர்களில் விளக்கேற்றி விழித்திருப்பது தேநீர்க் கடை. வலையுடன் கடலுக்குச் செல்வோரும், இரவெல்லாம் ஏரியில் இறால் பிடித்துத் திரும்புவோரும், கூடை சுமந்து சந்தைக்குப் புறப்படும் மகளிரும் அங்கே ஒரு குவளை தேநீர் பருகிக் களைப்பாறுவர். ஈரக் காற்றில் நடுங்கும் உடலுக்கு அச்சூடு இதமளிக்கும். ஆயினும், அக்குவளையை நிறைக்கும் இலை அந்த மணலில் முளைப்பதன்று. அது மலையின் குழந்தை. அவர்களோ கடலின் மக்கள்.

இத்தகைய ஓர் ஊரில் தோட்டக் கழகம் ஒன்று கூடுகின்றது எனவும், அங்கே தேயிலையைப் பற்றி ஒருவர் சொற்பொழிவாற்ற வருகின்றார் எனவும் கொள்க. அவர் எதைச் சொல்லுதல் வேண்டும்? எதைச் சொல்லாமல் விடுதல் கூடாது? இவ்வினா சிறிதாகத் தோன்றினும் இதன் விடை சிறிதன்று. நாள்தோறும் கையாளும் ஒரு பொருளை முழுமையாக அறிதல் என்பது யாது என்பதே இவ்வினாவின் உட்பொருள்.

செடியின் பெயர், அது விரும்பும் மண், அதன் இலையைப் பதப்படுத்தும் முறை, நல்ல தேநீர் தயாரிக்கும் வகை ஆகிய நான்கையும் கூறிவிட்டால் பேச்சு முற்றிற்று என்று கருதுவோர் பலர். தேயிலையைப் பற்றிய பேச்சு இந்நாட்டில் தொடங்கியதும் அவ்வாறே. 1903-ஆம் ஆண்டில் இந்திய அரசு தேயிலைத் தீர்வைச் சட்டத்தை இயற்றியது. ஏற்றுமதியாகும் தேயிலையின்மேல் விதித்த அத்தீர்வைப் பணம் தேநீர்ப் பழக்கத்தைப் பரப்பும் பணிக்குப் பயன்பட்டது. 1930-க்குப் பின், உலகெங்கும் வாணிகம் தளர்ந்து தேயிலை விலை வீழ்ந்தபோது, அப்பணி விரைவு பெற்றது. தேநீர் தயாரித்துக் காட்டுவோர் ஊர்தோறும் சென்றனர். மக்கள் கூடும் இடங்களில் விலையின்றித் தேநீர் வழங்கினர். புகைவண்டி நிலையங்களில் எனாமல் பலகைகள் தொங்கின. நீரை எவ்வாறு கொதிக்க வைத்தல் வேண்டும், தூளை எவ்வளவு இடுதல் வேண்டும் என்பவற்றை அவை படம் வரைந்து விளக்கின.

அவர்கள் கற்பித்த பாடம் நன்கு பதிந்தது. தேநீர் அறியாத ஊர் இன்று இல்லை. ஆனால், அப்பாடத்தில் ஒரு பக்கம் விடுபட்டுப் போயிற்று. தேநீரை எவ்வாறு பருகுவது என்று சொன்னவர்கள், அவ்விலையைப் பறித்தவர் யார் என்று சொன்னாரில்லை. வாங்குவோரைத் தேடிச் சென்றவர்க்கு அது தேவைப்படவில்லை. கற்போரைத் தேடி வருபவர்க்கோ அதுவே தலையாய தேவை. செடியை மட்டும் கூறி, அதைப் பேணிய கையைக் கூறாத பேச்சு பாதிப் பேச்சேயாகும். கையின் உழைப்பாலேயே வாழும் மீனவர் ஊரில் அவ்வாறு பேசுதல் இன்னும் பெரிய குறையாகும்.

ஆகவே, பேச வருபவர் கேட்போரின் ஊரிலிருந்தே தொடங்குதல் நலம். பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-ஆம் ஆண்டில் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையின் துணிகளை வாங்கிக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு அனுப்பி, அங்கே நறுமணப் பொருள்களைப் பெறுதல் அவர்தம் வாணிகம். 1610-ஆம் ஆண்டு வாக்கில் ஐரோப்பாவிற்கு முதன்முதல் தேயிலையைக் கப்பலில் கொண்டு சேர்த்ததும் அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியே. பழவேற்காட்டுத் துணியையும் சீனத்துத் தேயிலையையும் உலகச் சந்தைக்குக் கொண்டு சென்ற வாணிக வலை ஒன்றே என்பதை உணரும்போது, தேயிலையின் வரலாறு கடற்கரை மக்களுக்கு அயலார் கதையாகத் தோன்றாது.

சொல்லும் கடல் கடந்து வந்ததே. சீனத்தின் தென்கீழ்க் கரையில் வழங்கும் மொழியில் இவ்விலைக்குத் 'தே' என்று பெயர். அக்கரையில் ஏற்றிய கப்பல்கள் அப்பெயரையும் ஏற்றிச் சென்றன. தரைவழியே பரவிய பெயரோ 'சா' என்பது. வடபுலத்தார் 'சாய்' என்பது அவ்வழி வந்தது. தமிழில் வழங்கும் தேயிலை, தேநீர் என்னும் சொற்கள் 'தே' என்னும் இனத்தைச் சேர்ந்தவை. கடைவீதியில் 'டீ' என்று கூறுவோரும் அந்த இனத்துச் சொல்லையே கூறுகின்றனர்.

அடுத்து, செடியைப் பற்றிக் கூறுதல் வேண்டும். தோட்டக் கழகத்தார் முதலில் கேட்கும் வினா, 'இச்செடி எங்கள் மணலில் வளருமா?' என்பதாகவே இருக்கும். 'வளராது' என்று கூறிவிட்டு அகலுதல் முறையன்று. ஏன் வளராது என்று விளக்குதலே கல்வி. தேயிலைச் செடி அமிலத்தன்மை உடைய மண்ணை விரும்புவது. மண்ணின் அமில நிலையைக் குறிக்கும் அளவு 4.5 முதல் 5.5 வரை இருத்தல் அதற்கு ஏற்றது. சிப்பியும் கிளிஞ்சலும் கலந்த கடற்கரை மணல் இதற்கு நேர்மாறான தன்மை உடையது. தேயிலைக்கு மழை மிகுதியாக வேண்டும். ஆனால், வேரடியில் நீர் தேங்குதல் கூடாது. மலைச்சரிவு இவ்விரண்டையும் தரும். உப்பு நீரும் உப்புக் காற்றும் அதற்குப் பகை. சவுக்கும் பனையும் மணலில் செழித்து நிற்க, தேயிலை மடிந்துபோவது இதனாலேயே. ஒவ்வொரு செடிக்கும் தனக்குரிய நிலம் உண்டு என்பதே தோட்டக்கலையின் முதற்பாடம்.

நீலகிரியில் தேயிலை வேரூன்றிய வரலாறும் இப்பாடத்தையே உணர்த்துகின்றது. சென்னையில் வேளாண் தோட்டக்கலைக் கழகம் தோன்றிய 1835-ஆம் ஆண்டிலேயே நீலகிரியில் கேத்தி என்னும் ஊரின் ஆய்வுப் பண்ணையிலும் தேயிலை நடப்பெற்றது. போதிய கவனிப்பு இன்மையால் அச்செடிகள் வாடின. பெரோத்தே என்னும் பிரஞ்சுத் தாவர அறிஞர் எஞ்சியவற்றைக் கண்டு, முறையாகப் பேணித் தழைக்கச் செய்தார். பின்னர் 1854-ஆம் ஆண்டில் குன்னூருக்கு அருகே மான் என்பவர் தோட்டம் அமைத்தார். 1859-ஆம் ஆண்டில் தியாசோலைத் தோட்டம் தோன்றியது. மலை முழுதும் இன்று பசுமை விரித்தாற்போல் காணும் தோட்டங்கள், வாடிக் கிடந்த சில செடிகளை ஒருவர் கைவிடாமல் பேணியதனால் துளிர்த்த நம்பிக்கையின் பயன் எனலாம்.

தேயிலை இயல்பில் மரமாக வளரக்கூடியது. கவாத்துச் செய்து இடுப்பளவில் நிறுத்துவதனாலேயே அது செடியாகக் காட்சி தருகின்றது. நுனியில் உள்ள மொட்டும் அதை அடுத்த இரண்டு இளம் இலைகளும் கொழுந்து எனப்படும். அதைக் கிள்ளியெடுப்பர். பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டிக் கசக்கி, காற்றுப்பட வைத்து நிறம் மாறச் செய்து, பின்னர் அனலில் உலர்த்துவர். பசுந்தேயிலையும் கருந்தேயிலையும் வெவ்வேறு செடிகளில் விளைவன அல்ல. ஒரே செடியின் இலை, பதப்படுத்தும் முறையால் இரண்டாகின்றது.

இங்கே ஒரு கணக்கைக் கூறுதல் தகும். ஒரு கிலோ தேயிலைத் தூள் பெறுவதற்கு ஏறத்தாழ 4 முதல் 4½ கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு குவளைக்கு 2 கிராம் தூள் எனக் கொண்டால், அதன்பின் நிற்பது 8 அல்லது 9 கிராம் கொழுந்து. அவ்வளவையும் மனிதக் கை நுனி நுனியாகக் கிள்ளுதல் வேண்டும். பழுத்த இலை கலந்தால் சுவை கெடும். அழுத்திப் பிடித்தால் கொழுந்து கன்றும். கண்ணும் விரலும் ஒருங்கே விழித்திருக்க வேண்டிய தொழில் இது. கத்தரிகளும் பொறிகளும் இப்பணிக்கு வந்துள்ளன. எனினும், உயர்ந்த தேயிலைக்குக் கையால் பறித்த கொழுந்தையே இன்றும் நாடுவர்.

இதைக் கேட்கும் கடற்கரை மக்களுக்கு மற்றொரு காட்சி நினைவிற்கு வரக்கூடும். பழவேற்காட்டு ஏரியின் ஆழமற்ற நீரில் இருளர் குலத்து மகளிர் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பர். பனையோலையால் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, பிடித்த இறாலை அதில் இடுவர். மலையில் முதுகில் கூடை. ஏரியில் வாயில் பறி. அங்கே மழையும் அட்டையும். இங்கே உப்பும் வெயிலும். விரல் நுனியில் அறிவு குடியிருக்கும் தொழில்கள் இரண்டும். இவ்வொப்புமையை எடுத்துக் காட்டாத பேச்சு, காட்டுப்பள்ளிக்கு உரிய பேச்சாகாது.

கையைப் பற்றிக் கூறியபின், அக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். காட்டுப்பள்ளியின் மேற்கே ஓடும் கால்வாய் அதற்குச் சான்று பகரும். 1876-ஆம் ஆண்டில் தொடங்கி இரண்டாண்டுகள் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசித்தோர்க்குக் கூலி வழங்கும் பணியாக, சென்னை நகரில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி அப்போது வெட்டப்பட்டது. அக்காலத்து ஆளுநராகிய பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய் முழுமைக்கும் வழங்கலாயிற்று. பஞ்சத்தில் சிலர் மண்வெட்டி ஏந்திக் கால்வாய் தோண்டினர். வேறு பலர் ஊரைத் துறந்து, கடல் கடந்து இலங்கை மலைகளுக்குச் சென்றனர். ஒரு பசியின் இரு வழிகள் அவை.

இலங்கையில் முதலில் காப்பியே பெரும் பயிராக இருந்தது. 1869-ஆம் ஆண்டு முதல் இலைத்துரு நோய் பரவிக் காப்பியை அழித்தது. 1867-ஆம் ஆண்டிலேயே கண்டிக்கு அருகில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை நட்டிருந்தார். காப்பி அழிந்த மலைகளில் அப்பயிர் பரவியது. காடு திருத்தியோரும், கொழுந்து பறித்தோரும் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தபோது நோயாலும் பசியாலும் உயிர் துறந்தோர் பலர். சேர்ந்தோர்க்குக் கிடைத்தது லயம் எனப்படும் வரிசை வீட்டில் ஓர் அறை.

தலைமுறை பல உழைத்த பின்னும் அம்மக்களுக்கு அந்நிலம் உரிமையாகவில்லை. 1948-ஆம் ஆண்டில் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பலர் நாடற்றோர் ஆயினர். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974-ஆம் ஆண்டிலேயே முடிவு செய்து, இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. மக்களைப் பொருள்போல் எண்ணிப் பகிர்ந்த அக்கணக்கில், அம்மக்களைக் கேட்டறிந்த குரல் மிகச் சிறிது. தாயகம் திரும்பியோர்க்கு வேலை அளிக்கவே தமிழ்நாட்டு அரசு 1968-ஆம் ஆண்டில் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 'டான்டீ' என மக்கள் வழங்கும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக அது பின்னர் உருப்பெற்றது. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஒரு குவளைத் தேநீரில் இத்துணை வரலாறு கரைந்திருக்கின்றது.

'தோட்டக் கழகம் மலரையும் செடியையும் பேணுவோர் கூட்டம். அங்கே தொழிலாளர் துயரத்தைப் பேசுவானேன்?' என்று சிலர் வினவலாம். அவ்வினாவில் சிறிது நியாயம் உண்டு. மாலைப் பொழுதில் மனம் மகிழக் கூடியோரைக் கலங்க வைத்தல் பேச்சாளரின் நோக்கமாதல் கூடாது. ஆனால், துயரம் கூறுதல் வேறு; உண்மை கூறுதல் வேறு. வேரைக் காட்டாமல் செடியை விளக்க இயலாதவாறு, உழைப்பைக் காட்டாமல் விளைவை விளக்க இயலாது. தன் வீட்டு முற்றத்தில் ஒரு ரோசாச் செடியை வளர்ப்பவருக்கும், அது தன் கை நீரால் வளர்ந்தது என்பதில் பெருமை உண்டு. அப்பெருமையை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மட்டும் மறுத்தல் அறமாகுமா?

வேறு சிலர், 'தேநீரே உடலுக்குக் கேடு. அதைப் பற்றிப் பேசுதலே வேண்டா' என்பர். காந்தியடிகளும் 1942-ஆம் ஆண்டில் உடல்நலம் குறித்து எழுதியபோது, தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருளால் விளையும் தீங்கை எடுத்துரைத்தார். உணவிற்கு மாற்றாகத் தேநீரைப் பருகிப் பசியை மறைத்தல் தீது என்பதில் ஐயமில்லை. உணவோடு சேர்த்துப் பருகினால் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பது குறையும் என்பதும் உண்மை. ஆயினும், ஒரு பொருளைப் பழிப்பதற்கும் அதை அறிதல் வேண்டும். அளவறிந்து பருகும் பழக்கமும் அறிவிலிருந்தே பிறக்கும்.

பேச்சின் இறுதியில் விலையைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் நன்று. நீலகிரியில் சிறு நிலம் வைத்துத் தேயிலை பயிரிடும் உழவர் பல்லாயிரவர். அவர்கள் பச்சைக் கொழுந்தை ஆலைக்குக் கொடுப்பர். ஆலையின் தூள் குன்னூர் முதலிய இடங்களில் ஏலத்திற்குச் செல்லும். ஏல விலை வீழின் கொழுந்தின் விலையும் வீழும். பறித்த கொழுந்தையோ ஒரு நாளும் வைத்திருக்க இயலாது. பிடித்த மீனைக் கரையில் ஏலத்திற்கு விடும் மீனவர் இதை விளக்கமின்றியே உணர்வர். அழுகும் பொருளை விளைவிப்போர் பேரம் பேச நேரமற்றோர். இருசாராரின் இன்னலும் ஒன்றாதலின், கூட்டுறவு என்னும் மருந்தும் இருசாரார்க்கும் பொது.

மேலும், பேச்சு ஒருவழிப் பாதையாதல் கூடாது. கேட்போரிடம் பேச்சாளர் கற்க வேண்டியவை பல. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்நாளில் எவர் எவ்விடத்தில் வலை கட்டுதல் வேண்டும் என்று மீனவர் தமக்குள் முறை வகுத்து, மாறி மாறித் தொழில் செய்வர். பொதுச் செல்வத்தைப் போரின்றிப் பகிர்ந்துண்ணும் இவ்வறிவு எந்தத் தோட்டக் கழகமும் கேட்டுப் பயன்பெறத் தக்கது. காட்டுப்பள்ளியின் மணற்பரப்பில் 2010-ஆம் ஆண்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் துறைமுகமும் எழுந்தது. சென்னை நகரத்தார் பருகும் தேநீரில் உப்பு நீக்கிய கடல்நீரும் கலந்திருத்தல் கூடும். இலை மலையிலிருந்து வருகின்றது. நீர் கடலிலிருந்து வருகின்றது. அவ்விரு நிலங்களிலும் வாழ்வோரின் நலத்தை எண்ணாமல் குவளையை மட்டும் ஏந்துதல் நன்றி மறத்தலாகும்.

பண்டைக் காலத்தில் உமணர் என்னும் வணிகர் நெய்தல் நிலத்து உப்பை வண்டியில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்றதைச் சங்க நூல்கள் கூறும். உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற அவர்கள், ஒரு நிலத்தின் செய்தியையும் மறு நிலத்திற்குக் கொண்டு சென்றனர். இன்று குறிஞ்சி நிலத்து இலை நெய்தல் நிலத்திற்கு நாள்தோறும் வருகின்றது. ஆனால், செய்தி வருவதில்லை. தேயிலையைப் பற்றிப் பேசுவோர் செய்ய வேண்டிய தொண்டு, அச்செய்தியைச் சுமந்து வருதலேயாம். அவ்வாறே கடற்கரையின் செய்தியை மலைக்குச் சுமந்து செல்வதும் அவர் கடமையாம். குன்னூரில் மீன் உண்ணும் சிறுவன் ஏரியை அறிதல் வேண்டும். காட்டுப்பள்ளியில் தேநீர் பருகும் சிறுமி மலையை அறிதல் வேண்டும்.

அத்தகைய பேச்சைக் கேட்டுத் திரும்பும் மாணவன், மறுநாள் விடியலில் தேநீர்க் கடையின் முன் நிற்கும்போது, குவளையிலிருந்து எழும் ஆவியில் பனி படர்ந்த ஒரு மலைச்சரிவைக் காண்பான். அங்கே கூடை சுமந்து செல்லும் ஒரு தாயின் உருவம் அவன் கண்ணில் தோன்றும். கடலுக்குப் புறப்படும் தன் தந்தையின் முகமும் அவ்வுருவத்தின் அருகே தோன்றும். இருவரும் விடியலில் எழுந்தவர்கள். இருவரும் பிறர் உண்ணவும் பருகவும் உழைப்பவர்கள். அவர்களை உறவினர் என்று அவன் உணர்வானாயின், தேயிலையைப் பற்றிய பேச்சு தன் பயனை முழுமையாக அடைந்ததாகும்.